பூட்டிய அறையில் ஒரு குடம் தண்ணீர்

வீட்டுக்குள் செடி வளர்க்க விரும்புகிறவர்கள் விசிறியைத் தேடிக் கடைக்கு ஓடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியதோ ஊரில் வீசும் காற்றை.

காஞ்சன்பாக்கில் காற்றை விரட்டுவது ஒரு பெரிய தொழில். ஹைதராபாத்தின் தென்கிழக்கில் இருக்கும் இந்தப் பகுதியில்தான் 1973-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான மிதானி இயங்குகிறது. அதன் உலைகளில் டைட்டானியமும் கடும் வெப்பம் தாங்கும் கலப்பு உலோகங்களும் வெற்றிடத்தில் உருக்கப்படுகின்றன. உருகிய உலோகத்தைக் காற்று தொட்டால் காரியம் கெட்டது. அருகிலேயே பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம். அதையடுத்து, 1982-ல் அப்துல் கலாம் இயக்குநராக வந்து சேர்ந்த ஏவுகணை ஆய்வுக்கூடம். காற்றின் அழுத்தம், ஈரம், தூசி ஆகியவற்றைக் கணக்கிட்டே சம்பளம் வாங்குகிறவர்கள் நிறைந்த பேட்டை.

காஞ்சன் என்றால் பொன். பாக் என்றால் தோட்டம். கான்கிரீட் நெருக்கத்தில் இந்த மாதிரிப் பகுதிகளில் தோட்டம் பெயரில்தான் மிச்சம். எனவே தோட்டத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம் என்ற ஆசை இந்தியப் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டிருக்கிறது. கீரை, லெட்டூஸ், ஸ்ட்ராபெரி என்று தொடங்கிய ஆசை, குளிரூட்டிய அறையில் குங்குமப்பூ வரை போய்விட்டது. விளக்குக்கும் விதைக்கும் செலவிடப்படும் யோசனையில் பத்தில் ஒரு பங்குகூட காற்றுக்குச் செலவிடப்படுவதில்லை. லட்சக்கணக்கில் பணம் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காஞ்சன்பாக்கின் ஏதோ ஒரு மாடி வீட்டில் பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரத்தில் ஓர் அறை. ஜன்னலை அடைத்தாகிவிட்டது. மூன்றடுக்கு இரும்பு ராக்குகளில் மொத்தம் 1,200 வாட் எல்.இ.டி. விளக்குகள். தினமும் 16 மணி நேரம் எரிய வேண்டும். மிச்சம் இருப்பது காற்றோட்டம்தானே, ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போயிற்று என்று தோன்றும்.

ட்ரூப் பஜாரின் மின்சாமான் கடைகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டால் வரும் முதல் கேள்வி, "எத்தனை இஞ்ச்?" ஒன்பதா, பன்னிரண்டா என்று பதில் சொன்னால் பெட்டி மேஜைக்கு வந்துவிடும். எத்தனை வாட் விளக்கு என்றோ, ஜன்னலில் வலை உண்டா என்றோ கடைக்காரர் கேட்பதில்லை. வாங்குகிறவரும் சொல்வதில்லை. பெட்டியின் மேல் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அது பொய்யல்ல. ஆனால் விசிறிக்கு முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு அது. பூச்சி புகாமல் இருக்கப் பின்னிய நெருக்கமான வலை, ஐந்தடி நெளிவுக் குழாய், இரண்டு வளைவுகள், வெளியே மழைத் தடுப்பு மூடி என்று வரிசையாகச் சேர்த்தால் எழுதியிருப்பதில் பாதி காற்றுகூடப் போகாமல் நின்றுவிடலாம். விசிறி என்னவோ முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சத்தமும் குறையாது.

இறக்கை விசிறிக்கு எதிர்ப்பைத் தள்ளும் பலம் குறைவு. சுவரில் நேரடியாகத் துளையிட்டு மாட்டினால் அதுவே சிக்கனமானது. குழாய், கரி வடிகட்டி, அடர்ந்த வலை என்று இருந்தால் நத்தைக்கூடு வடிவில் இருக்கும் புளோயர்தான் சரி. ராணிகஞ்சின் தொழிற்சாலைச் சாமான் கடைகளில் கிடைக்கிற புளோயர்களோடு தயாரிப்பாளர்கள் ஓர் அட்டவணை தருவார்கள். எவ்வளவு எதிர்ப்பு இருந்தால் எவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குகிற வாடிக்கையாளர் அபூர்வம்.

வெப்பக் கணக்கு எளிது. விளக்கு எரிக்கும் மின்சாரம் முழுவதும், இலைகள் சேமித்துக்கொள்ளும் சொற்பம் போக, கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். அறையை வெளியே இருப்பதைவிட மூன்று டிகிரிக்கு மேல் சூடாகாமல் வைக்க வேண்டுமானால் 1,200 வாட்டுக்கு மணிக்குச் சுமார் 1,300 கன மீட்டர் காற்று தேவை. அறையின் கொள்ளளவோ 28 கன மீட்டர். அதாவது அறைக்காற்று மொத்தமும் மணிக்கு 46 தடவை மாற வேண்டும். ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே இருப்பதால் காற்று கொஞ்சம் மெலிந்தது. அதே வேலைக்குச் சென்னையைவிடச் சற்று அதிகமாகவே காற்றை இழுக்க வேண்டும்.

இதெல்லாம் நாற்று விட்ட முதல் வாரத்துக்கு. செடிகள் தழைத்துவிட்டால் கதை மாறுகிறது. பெரும்பாலான புத்திசாலிகள் ஏமாறும் இடமும் இதுதான்.

செடி உறிஞ்சும் தண்ணீரில் மிகச் சிறு பங்கைத்தான் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. நூற்றில் 97 பங்குக்கு மேல் இலைத் துளைகள் வழியாக ஆவியாக வெளியேறிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். நமது அறையில் 1,200 வாட் விளக்கு 16 மணி நேரத்தில் 19 யூனிட்டுக்குச் சற்று அதிகமாக எரிக்கிறது. அதில் பாதி வெப்பம் இலைகளின் நீரை ஆவியாக்கப் போகிறது என்று வைத்தால், ஒரு நாளில் 14 லிட்டர். நல்ல பெரிய குடம் ஒன்று. அந்தக் குடத்துத் தண்ணீர் தினந்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் அந்தச் சின்ன அறையின் காற்றில் கரைகிறது. தெர்மாமீட்டர் 27 டிகிரி காட்டுகிறது, எல்லாம் நலம் என்று வீட்டுக்காரர் தூங்கப் போகிறார். விளக்கு அணைகிறது. சுவர் வியர்க்கிறது. ராக்கின் இரும்புக் கம்பியில் முத்து முத்தாக நீர். பத்து நாளில் இலைகளின் மேல் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை.

இந்தத் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் காற்றோட்டக் கருவி வாங்குவதில் இருக்கும் உண்மையான கேள்வி. அதற்கான விடை அறைக்குள் இல்லை.

ஹைதராபாத்தில் ஏப்ரல் மாதப் பிற்பகலில் வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி வெறும் 10 கிராம். செடிகளுக்கு இதமாக 26 டிகிரியில், 65 சதவீத ஈரத்தில் வைத்திருக்கும் அறைக்காற்றில் 16 கிராம். வெளிக்காற்று காய்ந்து கிடக்கிறது. உள்ளே வந்தால் ஈரத்தை வாரிக்கொண்டு போகும். அதே ஊரில் ஆகஸ்ட் மாதம். 28 டிகிரி, 80 சதவீதம். கன மீட்டருக்கு ஏறத்தாழ 22 கிராம் நீராவி. இப்போது விசிறியைப் போட்டால் அது ஈரத்தை வெளியேற்றவில்லை, தெருவிலிருந்து ஈரத்தை வாங்கி உள்ளே கொட்டுகிறது. அதே விசிறி, அதே அறை, அதே செடிகள். ஏப்ரலில் மருந்தாக இருந்தது ஆகஸ்டில் நோயாகிவிடுகிறது.

சென்னையில் இந்த மாறுதலுக்குக்கூட வாய்ப்பில்லை. மே மாத மத்தியில் 38 டிகிரியும் 55 சதவீதமும் என்றால் 25 கிராம். டிசம்பரில் 25 டிகிரியும் 80 சதவீதமும் என்றாலும் 18 கிராம். கடற்கரை நகரத்தில் வெளிக்காற்றை நம்பி அறையை உலர்த்துவது, தண்ணீர் லாரியிலிருந்து உப்பு வாங்க நினைப்பது போல. ஓசூரிலோ பெங்களூரிலோ பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சாதாரண விசிறியே போதுமானதாக இருக்கும்.

கூலர் விவகாரத்திலும் இதே ஊர் பேதம்தான். ஹைதராபாத்தின் கோடையில் கூலர் இல்லாத தெரு இல்லை. ஈரத் தட்டியின் வழியே காற்றை இழுத்துக் குளிரவைக்கும் இந்தத் தந்திரம் பழையது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து வாசலில் தொங்கவிட்ட காலத்திலிருந்து வருவது. இன்று பசுமைக்குடில்களில் ஒரு சுவர் முழுக்க மடிப்பு மடிப்பான அட்டைப் பட்டை, எதிர்ச் சுவரில் பெரிய விசிறிகள் என்று அதே தட்டி வேறு வேஷத்தில் நிற்கிறது. 40 டிகிரி, 20 சதவீதக் காற்றை நல்ல தட்டி 26 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். சென்னையின் 38 டிகிரி, 55 சதவீதக் காற்று அதே தட்டியைத் தாண்டினால் 32 டிகிரிக்குக் கீழே இறங்குவது கடினம். இறங்கியதும் அது ஏறக்குறைய நனைந்த துணி. ஆகஸ்ட் மாத ஹைதராபாத்தில் கூலர் ஓட்டினால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஈரம் 90 சதவீதத்தைத் தாண்டும். பூஞ்சைக்கு விருந்து வைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. போர்வெல் தண்ணீரின் உப்பு தட்டியில் படிந்து அடைத்துக்கொள்ளும் தொல்லை தனி. தொட்டித் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பாதவர்கள் ஓரிரு கோடையில் தட்டியை மாற்ற வேண்டிவரும்.

ஊரின் காற்றைக் கேட்காமல் கருவியை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு முன்கதை உண்டு. 1991-ன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் ஏற்றுமதிப் பூக்களின் மீது மோகம் வந்தது. பெங்களூர், புனே, ஹைதராபாத் சுற்றுவட்டாரங்களில் ஹாலந்து, இஸ்ரேல் தொழில்நுட்பத்துடன் பசுமைக்குடில்கள் எழுந்தன. பத்தாண்டு முடிவதற்குள் பல நிறுவனங்கள் நலிந்துவிட்டன. விமானச் சரக்குக் கட்டணம், ஏல விலைச் சரிவு, கடன் வட்டி என்று காரணங்கள் பல. ஆனால் வெயிலைச் சேமிப்பதற்காக வடிவமைக்கப்பட்ட குடிலை வெயிலை விரட்ட வேண்டிய ஊரில் நட்டதும் அவற்றில் ஒன்று. பிறகு இந்திய வடிவங்கள் உயர்ந்த கூரையுடனும், மோட்டுக்கருகே நீளத் திறப்புடனும் வந்தன. சூடான காற்று தானாக மேலெழுந்து வெளியேறிவிடும். அதற்கு மின்சாரச் செலவு இல்லை.

தமிழுக்கு இது புதிய சங்கதி அல்ல. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி இது. ஜன்னலுக்கு இருந்த பழைய சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சத்துக்காக அல்ல, காற்றுக்காகத்தான் சுவரைத் திறந்தார்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

காஞ்சன்பாக்கிலிருந்து ஹைதராபாத்தின் நேர் மறுகோடிக்கு, வடமேற்கே படான்செருவுக்குப் போனால் காற்றின் வறட்சியைச் செடிகளிடமே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மழை குறைந்த வெப்ப நாடுகளின் பயிர்களுக்காக 1972-ல் அமைக்கப்பட்ட இக்ரிசாட் என்ற சர்வதேச ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை ஆகியவை அதன் முக்கியப் பயிர்கள். கம்பு ரகங்கள் சிலவற்றில் ஒரு விசித்திரமான சிக்கனத்தை அங்குள்ள விஞ்ஞானிகள் கண்டார்கள். காற்றின் தாகம் ஓர் அளவைத் தாண்டியதும் இந்த ரகங்கள் மண்ணில் தண்ணீர் இருந்தாலும் நீராவி விடுவதைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. நண்பகலில் சேமித்த தண்ணீர், கதிர் பால் பிடிக்கும் கடைசி நாட்களில் உதவுகிறது. வின்சென்ட் வடேஸ், யானா கோலோவா ஆகியோர் பங்கேற்ற இந்த ஆய்வுகளின் முடிவுகள் 2010 முதல் வெளிவந்தன. பின்னர் அங்கே லீசிஸ்கேன் என்ற அமைப்பை நிறுவினார்கள். தொட்டிகளின் எடையைத் தொடர்ந்து அளந்து செடி விடும் நீராவியைக் கணக்கிடுகிறது. மேலே நகரும் ஸ்கேனர் இலைப்பரப்பை அளக்கிறது.

காஞ்சன்பாக் அறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தாகம் மிகுந்த ஏப்ரல் காற்றை அப்படியே இழுத்து லெட்டூஸின் மீது வீசினால் செடி இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே போகாது. விளக்குக்கான மின்சாரம் எரிந்துகொண்டிருக்கும், செடி வளராமல் நிற்கும். காற்று நனைந்திருந்தாலும் கஷ்டம், காய்ந்திருந்தாலும் கஷ்டம். எனவே வெப்பத்தை மட்டும் பார்த்து ஓடவும் நிற்கவும் கூடிய தெர்மோஸ்டாட்டைவிட, ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம்.

இக்ரிசாட்டின் பொன்விழாவின்போது, 2022 பிப்ரவரி 5-ல், பிரதமர் நரேந்திர மோடி அங்கே விரைவுத் தலைமுறை வளர்ப்பு மையத்தைத் தொடங்கிவைத்தார். பகலின் நீளம், ஒளி, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி ஒரே வருடத்தில் பல தலைமுறைப் பயிர்களை விளைவிப்பது இதன் வேலை. வயலில் துவரை வருடத்துக்கு ஒரு தலைமுறைக்கு மேல் நகர்வதே கஷ்டம். கட்டுப்படுத்திய சூழலில் நான்கு தலைமுறைகள் வரை ஓட்டும் முறையை 2024-ல் இக்ரிசாட் அறிவித்தது. 2025-ல் அறிமுகமான ஐ.சி.பி.வி. 25444 என்ற துவரை ரகம் இந்த வேகத்தின் பலன். 45 டிகிரி வரை வெப்பத்தைத் தாங்கி 125 நாளில் அறுவடைக்கு வரும் கோடைத் துவரை அது. துவரம் பருப்பை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சாம்பார் வைக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. இத்தகைய அறையில் காற்றோட்டம் தவறினால் வீணாவது ஒரு கூடைக் கீரை மட்டுமல்ல. ஒரு தலைமுறை விதை போகும், அதோடு சில மாதங்களும் போகும்.

வெளியிலிருந்து வரும் காற்றில் ஈரமும் வெப்பமும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே பாடம் கிடைத்தது. 1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபவ் என்ற இளைஞர் ஆய்வுக்கூடத்தில் முளைத்த பட்டாணி நாற்றுகள் குட்டையாக, தடித்து, பக்கவாட்டில் படர்வதைக் கவனித்தார். வெளிக்காற்றில் வைத்தால் ஒழுங்காக நிமிர்ந்து வளர்ந்தன. குற்றவாளி, விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் இருந்த எத்திலீன். பழங்கள் பழுக்கும்போது வெளிவிடுவதும் அதே எத்திலீன்தான். மே மாதத்தில் மாம்பழக் கூடையைச் செடி அறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பூக்கள் ஏன் உதிர்கின்றன என்று விழிப்பவர்களுக்கு நெல்யூபவின் கதை உதவும்.

1949-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஃபிரிட்ஸ் வென்ட் தன் புகழ்பெற்ற ஃபைட்டோட்ரானைத் திறந்தார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பருவநிலை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டம் செடிகளைத் தாக்கியதால், உள்ளே வரும் காற்றைக் கரி வடிகட்டியில் சலித்தே அனுப்ப வேண்டியிருந்தது. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் தேசிய ஃபைட்டோட்ரான் 1997-ல் வந்தது. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. ஆனால் காற்று நுழையும் துளை சமையலறைப் புகைபோக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் எதிரே இருக்கக் கூடாது. காற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று ஓசோன் வெளிவிடும் பெட்டிகளைச் செடி அறைக்குள் வைப்பதும் வேண்டாத வேலை. ஓசோன் இலைகளைப் பொசுக்கும்.

நுழைவாயிலைப் பற்றிச் சொன்னால் பலருக்கு அலட்சியம். விசிறிக்குச் செலவழித்துவிட்டு, காற்று வரும் வழியைக் கதவிடுக்கின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த விசிறியாலும் வெளியே தள்ள முடியாது. நுழைவாயில் தரையை ஒட்டியும், வெளியேறும் வாய் எதிர்ச் சுவரின் உச்சியிலும் இருப்பது நல்லது. நுழைவு, வெளியேறும் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வெள்ளை ஈயைத் தடுக்கும் நுண்ணிய வலை போடுவதாக இருந்தால் அந்த வலையை ஒரு பெட்டி மாதிரி மடித்து மூன்று மடங்கு பரப்புக்கு விரிக்க வேண்டியிருக்கும். சோதிப்பது சுலபம். விசிறி ஓடும்போது அறைக் கதவைத் திறக்க மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் நுழைவாயில் போதவில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, அறையை முழுக்க மூடி ஏர் கண்டிஷனர் மாட்டிவிடலாமே என்பவர்களும் உண்டு. மாட்டலாம். 1,200 வாட் விளக்குக்கு ஒரு டன் இயந்திரமே கணக்கில் போதும். ஆனால் மனிதர்கள் தூங்கும் அறைக்காகச் செய்யப்பட்ட இயந்திரத்துக்கு, தினமும் ஒரு குடம் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் பழக்கம் இல்லை. விளக்கு எரியும் வரை ஓடி ஓரளவு உலர்த்தும். விளக்கணைந்ததும் அறை குளிர்ந்துவிட்டது என்று கம்ப்ரஸர் நின்றுவிடும் அல்லது மெல்ல ஓடும். ஈரம் ஏறுவது அப்போதுதான். அதனால் தனியாக ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். அது மின்சாரத்தைத் தின்று அறையையே சூடாக்கும். அந்தச் சூட்டை மறுபடி ஏ.சி. விரட்ட வேண்டும். மூடிய அறையில் விளக்கெரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வேறு வேகமாகக் குறையும். வெளியே இன்று பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல் இருக்கும் வாயு, நிறைந்த அறையில் கொஞ்ச நேரத்திலேயே செடி பட்டினி கிடக்கும் அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு சிலிண்டர், கண்காணிக்க ஒரு கருவி, ஆள் உள்ளே இருக்கும்போது அளவு மீறாமல் எச்சரிக்க இன்னொரு கருவி.

இந்தச் சங்கிலியின் செலவை அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களே தாங்கவில்லை. அடுக்கு விவசாயத்தின் செல்லப்பிள்ளையாக இருந்த ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. பவரி 2024 நவம்பரில் கடையை மூடியது. பிளென்டி 2025 மார்ச்சில் திவால் சட்டத்தின் கதவைத் தட்டியது. முதலீட்டாளர்களின் அவசரம், கீரைக்குக் கிடைக்காத விலை என்று வேறு காரணங்களும் இருந்தாலும், மின் கட்டணம் எல்லாவற்றுக்கும் பொதுவான வில்லன். விலை உயர்ந்த விதை, நோயற்ற நாற்று, திசு வளர்ப்பு போன்றவற்றுக்கு மூடிய அறை கட்டுப்படியாகலாம். பத்து ரூபாய்க் கீரைக்கட்டுக்கு?

மலிவான பரிகாரங்கள் கடையில் முன்வரிசையில் இருப்பதில்லை. விளக்கைப் பகலில் எரிக்க வேண்டும் என்று எந்தச் செடியும் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஏற்றி மறுநாள் காலை பத்து மணிக்கு அணைத்தால், வெளியே குளிர்ந்திருக்கும் நேரத்தில் அறை சூடாக இருக்கும். விசிறியின் பாதி வேலை மிச்சம். கோடைப் பகலின் 40 டிகிரி வெயிலில் விளக்கு இல்லாமல் அறை ஓய்வெடுக்கும். இதற்குத் தேவை ஒரு டைமர். மழைக்காலத்தில் ஈரம் தாங்கவில்லையென்றால் ஒரு ராக்கைக் காலியாக வைத்து இலைப்பரப்பைக் குறைக்கலாம். கருவி விற்பவர் யாரும் தராத ஆலோசனை இது.

இன்னொன்று, அறைக்குள்ளேயே காற்றைக் கலக்கும் சின்ன விசிறிகள். வெளியேற்றும் விசிறி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ராக்கின் நடு அடுக்கில் இலைகளுக்கிடையே காற்று அசையாமல் தேங்கிக்கிடக்கும். லெட்டூஸின் உள் இலைகளின் விளிம்பு கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் உரக் குறைவல்ல. நீராவி வெளியேறாத இலைக்குச் சுண்ணாம்புச் சத்து வந்து சேர்வதில்லை. உள் இலைகளுக்குக் காற்றைச் செலுத்தினால் கருகல் நிற்கிறது என்று கோட்டோ, தக்காகுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-ல் காட்டினார்கள். இலைகள் லேசாக ஆட வேண்டும், படபடக்கக் கூடாது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிறு விசிறிகளை ராக்குக்கு இரண்டாக மாட்டினாலே இது நடந்துவிடும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியவையும் இவைதான். விளக்கு சில மணி நேரம் இல்லாவிட்டால் செடி பொறுத்துக்கொள்ளும். அசையாத ஈரக்காற்றைப் பூஞ்சை பொறுத்துக்கொள்ளாமல் இருந்ததில்லை.

அறைக்கான சாமான் பட்டியலில் பொதுவாகக் கடைசியில் எழுதப்படுவது ஈரமானி. விலை சில நூறு ரூபாய். இரண்டு வாங்கி, ஒன்றைக் காலி அறையின் நடுவில் ராக் உயரத்திலும் மற்றொன்றை ஜன்னலுக்கு வெளியே வெயில் படாத இடத்திலும் மாட்டி, காலை, பிற்பகல், நள்ளிரவு என்று ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். ஹைதராபாத்தில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அந்த நோட்டில் ஏறிய பிறகு ட்ரூப் பஜாருக்குப் போனால், "எத்தனை இஞ்ச்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.